இன்னா நைனா வோணும்?

ஆபீஸில் எனக்குப் புது லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் வாசனை அடிக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, அதில் நிரல் எழுதும் எடிட்டரைப் போட்டு, சர்வரில் நம் கன்டெய்னருக்குள் இருக்கும் கோப்பு ஒன்றைத் திறக்கச் சொன்னேன். திரையின் அடியில் 'ப்ராம்ப்டுக்காகக் காத்திருக்கிறது' என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி, அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர் "நெட்டு போச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்குக் காரணம் தெரியும். வாசலில் நீ நிற்கிறாய், இந்தப் புது மெஷினுக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை.

அதற்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வரி எழுதினால் போதும். எழுதுவதற்கு முன் உன்னிடம் பேசிவிட வேண்டும் என்று தோன்றியது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்ததற்கு வேலை, பஸ், தலைவலி என்று எதையாவது சொல்லலாம். எல்லாம் பொய். வெட்கம்தான் காரணம்.

நீ செய்துவைத்துவிட்டுப் போனது பெரிய மென்பொருள் ஒன்றும் இல்லை. திருவொற்றியூர் தாண்டி இருக்கிற சரக்கு யார்டுக்கு வரும் லாரிகளுக்கு டோக்கன் போடும். எத்தனை மணிக்கு வந்தால் போதும் என்று டிரைவரின் போனுக்குச் செய்தி அனுப்பும். வாசலில் மாட்டிய பலகையில் அடுத்த எண்ணைக் காட்டும். அவ்வளவுதான். ஆனால் அது வருவதற்கு முன் எண்ணூர் ரோட்டில் அந்த மனிதர்கள் வண்டிக்கு அடியிலேயே அடுப்பு மூட்டி, அடியிலேயே படுத்துக் கிடந்ததை நாம் இரண்டு பேரும் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறோம். வேலை கிடைத்த புதிதில் நீ அதைத்தான் முதலில் கேட்டு வாங்கிக்கொண்டாய். நான் ஏசி ரூமில் கணக்கு மென்பொருளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

உன் அம்மாவிடம் நீ அந்த வேலையை விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது. கன்டெய்னருக்குள் வேலை என்றதும் அத்தைக்குக் கவலை வந்துவிட்டது. "லாரி மேல கீற பொட்டிக்குள்ளயா? மூச்சு முட்டாதா?" என்று கேட்டார். நீ சிரிக்கவில்லை. "அது இல்லம்மா. பெரிய மெஷினுக்குள்ள சின்னதா ஒரு ரூமு. உள்ள ஒரு நாற்காலிகூட கெடையாது. நான் வெளிய குந்திக்கினு, ஜன்னல் வழியா கைய வுட்டு வேலை செய்வேன்" என்றாய். அந்த ஜன்னல்தான் எடிட்டர். உள்ளே எழுதத் திருத்த ஒரு வசதியும் கிடையாது, எல்லாவற்றையும் வெளியே இருந்தபடி எடிட்டரின் கையால்தான் எடுக்க வேண்டும், வைக்க வேண்டும். இதைவிடத் தெளிவாக எனக்குக்கூடச் சொல்ல வராது. அத்தை, "அப்ப சரி, குந்துற எடத்துல ஃபேன் கீதா?" என்று கேட்டுவிட்டுச் சோற்றை வடிக்கப் போய்விட்டார்.

வேலையில் சேர்ந்த அன்று மேலாளர் எந்தப் பக்கம் வீடு என்று கேட்டார். "பெரம்பூர் சைடு சார்" என்றேன் நான். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வியாசர்பாடி சார், ஹவுசிங் போர்டு. அவளும் அங்கதான், எனக்கு மேல் மாடி" என்றாய். பஸ்ஸில் உன்னோடு நான் பேசவில்லை. மூலக்கொத்தளம் வரும்வரை உம்மென்று வந்தேன். நீ நிலக்கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்து, "இன்னாடி, பெரம்பூர் மேடம் கடலை துன்ன மாட்டீங்களா?" என்றாய். தின்றேன். கோபம் மட்டும் போகவில்லை.

ஆபீஸில் நான் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சொல்லையும் அலசிப் பிழிந்து உலர்த்திவிட்டுத்தான் வெளியே விடுவேன். நீ வாயைத் திறந்தால் நம் குழாயடி அப்படியே வந்து இறங்கும். டிரைவர்கள் போன் பண்ணினால், "நைனா, உன் நம்பரு பத்து மணிக்கு மேலதான் வரும், நீ போய் நாஷ்டா துன்னுட்டு வா" என்பாய். சுற்றி இருந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஒருநாள் டீ குடிக்கும் இடத்தில் உன்னைத் தனியாக மறித்து, "கொஞ்சம் நீட்டா பேசேன்டி, என் மானமும் சேர்ந்து போவுது" என்று சொன்னேன். பார், அதைச் சொல்லும்போது எனக்கும் 'போவுது' என்றுதான் வந்தது. நீ டீயை ஊதிக்கொண்டே, "நீட்டா பேசுனா டிரைவரு போன வெச்சிடுவான். அவன் பேஜாரு எனக்குத் தெரியணும்ல" என்றாய். அதற்குமேல் அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். ஒரு வாரத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை.

உன் லேப்டாப்பை ஆபீஸில் வாங்கித் துடைத்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். உன் இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். தற்காலிகம்தான், நன்றாகச் செய்தால் நிரந்தரம் என்றார் மேலாளர். அப்பாவால் இப்போதெல்லாம் மூட்டை தூக்க முடிவதில்லை என்பது உனக்குத் தெரியும். அந்த 'நிரந்தரம்' எனக்கு வேண்டியிருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, அன்று என் மனதில் என்ன இருந்தது என்பதைச் சொல்கிறேன்.

அந்தக் காலை யார்டு வாசல் பலகை முந்தின நாள் எண்ணிலேயே நின்றுவிட்டது. எந்த வண்டியை உள்ளே விடுவது என்று வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை. போனில் ஹாரன் சத்தத்தில் காது கிழிந்தது. நீ எழுதியதைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்கச் சொன்னால் என் எடிட்டர் நின்ற இடத்தில் நிற்கிறது. நெட்டைப் பார்த்தேன், சரியாக இருந்தது. எனக்கு உள்ளே போக அனுமதி இல்லையோ என்று பார்த்தேன், இருந்தது. எடிட்டர் பழசோ என்று புதிதாகப் போட்டேன். பழைய இணைப்புகளை எல்லாம் துடைத்துவிட்டுத் திரும்பத் திறந்தேன். அதே வரி, அதே காத்திருப்பு. கடைசியில் என்ன நடக்கிறது என்பதை ஒன்றுவிடாமல் எழுதிக் காட்டு என்று எடிட்டரிடம் சொன்னேன். எழுதியது. உள்ளே போகிறது, கதவு திறக்கிறது, பிறகு 340, 256 என்று ஏதேதோ எண்கள் வரிசையாக வருகின்றன, அதற்குமேல் ஒன்றும் இல்லை. குப்பை வருகிறது என்றுதான் நினைத்தேன். தமிழ் எழுத்து அப்படி எண்ணாக வரும் என்பது படித்த பாடம்தான். அன்று புத்தியில் உறைக்கவில்லை.

அதற்குள் மேலாளரும் யார்டு அதிகாரியும் அழைப்பில் வந்துவிட்டார்கள். திரையைப் பகிரச் சொன்னார்கள். எடிட்டரை விட்டுவிட்டு, கையால் கட்டளை அடித்து நேரடியாகக் கன்டெய்னருக்குள் போனேன். அப்படிப் போனால், என்ன செய்யட்டும் என்று கேட்கும் ஒரு குறி வரும், அதற்குப் பெயர்தான் ப்ராம்ப்ட். உலகம் முழுக்க அது ஒரு டாலர் குறிதான், இல்லாவிட்டால் அது மாதிரி இன்னொன்று. அந்தக் குறியைப் பார்த்துத்தான் எடிட்டர், சரி, உள்ளே வந்துவிட்டோம் என்று புரிந்துகொள்ளும். உன் கன்டெய்னரில் டாலர் இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் வந்தது:

இன்னா நைனா வோணும்?

உன் குரல் கேட்டது. அப்படியே கேட்டது, பொய் சொல்லவில்லை. என் எடிட்டர் டாலருக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. நீயோ வாசலில் நின்று என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய்.

மேலாளர் அதை உரக்கப் படித்தார். சினிமாவில் ரவுடி பேசுவது மாதிரி இழுத்துப் படித்தார். யார்டு அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "யாரும்மா இது? சர்வர்ல போய் இப்படியெல்லாம் எழுதி வெச்சிருக்கறது?" என்று கேட்டார் மேலாளர்.

நானும் சிரித்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு, "தெரியல சார். யாரோ டெஸ்ட்டுக்குப் போட்டிருப்பாங்க. எடுத்துடறேன்" என்றேன்.

யாரோ. முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே படிக்கட்டு, ஒரே பஸ். உன்னை நான் யாரோ என்று சொன்னேன். ஒருவரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டு கேட்ட ஒரு கேள்விக்கு அப்படிப் பதில் சொன்னேன். சீ என்று இருக்கிறது எனக்கு. அதோடு விடவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாராவது உள்ளே வந்ததும் கன்டெய்னர் முதலில் படிக்கும் அந்தச் சின்னக் கோப்பில் உன் வரியை அழித்து டாலரைப் போட்டேன். எடிட்டர் உடனே திறந்துகொண்டது. தேதி மாறும் இடத்தில் இருந்த கோளாறைத் தேடிச் சரிசெய்தேன். பலகையில் எண் நகர்ந்தது. லாரிகள் உள்ளே போயின. "குட், க்ளீனா முடிச்சிட்டீங்க" என்றார் மேலாளர். வேலை அறிக்கையில் 'வழக்கத்துக்கு மாறான ப்ராம்ப்ட் நீக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா மாடி ஏறி வந்தார். கையில் ஒரு தூக்கில் கருவாட்டுக் குழம்பு. வேலை நிரந்தரமானது கேள்விப்பட்டு வந்திருந்தார். நான் சாப்பிடும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மே சுமதி, அவ செஞ்ச வேலை ஓடிக்கினு கீதா?"

"நல்லா ஓடுது அத்தே."

"எனுக்கு ஒருவாட்டி காட்டேன். அவ பொட்டிய ஆபீஸ்ல வாங்கிக்கினாங்கோ. பாக்க ஒண்ணுமே இல்ல."

லேப்டாப்பைத் திறந்து உள்ளே போனேன். கறுப்புத் திரையில் டாலர் வந்து நின்றது. அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இது இன்னாது?"

"இதுக்கு அப்புறம் நாமதான் எழுதணும் அத்தே."

"இல்லியே. தமிழ்ல கேக்குமே. இன்னா நைனா வோணும்னு கேக்குமே. எங்கிட்ட காட்னாளே. நான் எழுத்து கூட்டிப் படிச்சேன்னு கைய தட்னா."

உனக்கு ஈவிரக்கம் இல்லையா என்று அந்த நேரம் உன்மேலேயே கோபம் வந்தது. அத்தைக்குக் காட்டியிருக்கிறாய், எனக்குக் காட்டவில்லை. ஏன் என்று கேட்கத் தேவையில்லை. காட்டியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அது ஆபீஸ் மெஷின்ல வரும் அத்தே. நாளைக்கு எடுத்துக்கினு வந்து காட்டறேன்" என்றேன். நம் பேச்சு என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது பார், பொய் சொல்லும்போது.

அத்தை இறங்கிப் போனதும் உன் வரியைத் திரும்ப எழுதினேன். எழுத்துக்கு எழுத்து நினைவிருந்தது. கேள்விக்குறிவரைக்கும் நினைவிருந்தது. எழுதி முடித்து எடிட்டரைத் திறந்தால், பழையபடி நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. உனக்கு மட்டும் எப்படித் திறந்தது? நீ தினமும் அதே எடிட்டரால்தானே உள்ளே போனாய்?

தேடிப் பார்த்தேன். எடிட்டருக்கு எந்தெந்தக் குறியை ப்ராம்ப்ட் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் ஒன்று சேர்க்கலாம். நீ சேர்த்திருக்கிறாய், வேறு எப்படியும் இருக்க முடியாது. உன் லேப்டாப்போடு அந்த வரியையும் துடைத்துவிட்டார்கள். உன் எடிட்டரும் முதல் நாள் என்னுடையதைப் போலத்தான் நின்றிருக்கும். நீ உன் பேச்சை மாற்றவில்லை, உட்கார்ந்து எடிட்டருக்கு நம் பேச்சைப் பழக்கியிருக்கிறாய். செய்து பார்த்தேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அந்தக் காலையிலும் இதைச் செய்திருக்கலாம். லாரிகளும் அதே நேரத்துக்கு உள்ளே போயிருக்கும், பலகையும் நகர்ந்திருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை. உன்னைத் திருத்துவது ஒன்றுதான் எனக்குத் தோன்றிய வழி. டீ குடிக்கும் இடத்திலும் அதைத்தானே செய்தேன்.

மறுநாள் அத்தையிடம் காட்டினேன். அவர் விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு படித்தார். 'வோ'வில் கொஞ்சம் நின்றார். முழுக்கப் படித்துவிட்டு, "அவதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ இன்னாத்த வோணும்னு சொல்லுவ அதுக்கு?" என்று கேட்டார். அத்தை என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தார். "அவ போனாலும் அவ பேச்ச நீ போவ வுடல பாரு. வேற எவளா இருந்தா கலீஜா கீதுன்னு தூக்கிப் போட்டிருப்பா" என்றார்.

நான் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தேன்.

ஆபீஸில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு அழைப்பில் திரையைப் பகிர வேண்டியிருந்தது. முந்தின ராத்திரி தூக்கம் இல்லை. டாலராக மாற்றிவிட்டு, முடிந்ததும் திரும்ப மாற்றிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். மாற்றவில்லை. பச்சை எழுத்தில் நீ வந்து நின்றாய். மேலாளர், "அது திரும்ப வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"ஆமா சார். என் ஃப்ரெண்டு எழுதினது. இந்த மென்பொருளைச் செஞ்சாளே, அவதான். அன்னிக்குத் தெரியலன்னு சொன்னேன், தெரியும்."

கொஞ்சம் இடைவெளி. "ஓ, அவங்களா?" என்றார். பிறகு, "சரிம்மா, அந்த மூணாவது கோப்பைத் திறங்க" என்றார்.

அவ்வளவுதான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் வேலை போகவில்லை. நான் இத்தனை வருஷம் பயந்தது இந்த இரண்டு நொடிக்குத்தான். இதற்காகத்தான் உன்னை யாரோ என்று சொன்னேன். ஏதாவது பெரிதாகப் போயிருந்தால்கூட, சரி, அதைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

மேலாளரிடம் சொல்ல முடிந்த எனக்கு அத்தையிடம் சொல்ல முடியவில்லை. ஒரு மாடிதான் இறங்க வேண்டும். இறங்கிப் போய் உட்காருகிறேன், குழம்பு ஊற்றுகிறார், தின்றுவிட்டு ஏறி வருகிறேன். அத்தை பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், சுமதி என் பொண்ணோட பேச்சைப் பத்திரமா வெச்சிருக்குது என்று. காலையில் குழாயடியில் எனக்கு முதலில் குடம் பிடிக்க வழி விடுகிறார்கள். "தோஸ்துன்னா இப்பிடி இருக்கணும்" என்கிறார்கள் பின்னால். உனக்கு நான் செய்தது உனக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்று தெரிகிறது. ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டு, நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.